சிக்னல் இல்லன்னு சொல்றதுக்கு முன்னாடி வோல்டேஜ பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல மாவட்டச் செய்திப் பக்கத்துல ஒரு சின்ன செய்தி வந்துச்சு. ஒரு ஏரிக்கரையில காலேஜ் பசங்க சேர்ந்து தண்ணி மட்டத்த போன்ல காட்டுற கருவி ஒண்ணு வச்சாங்க, வெயில் காலம் பூரா நல்லாத்தான் ஓடிச்சு, மழை ஆரம்பிச்சதும் விட்டு விட்டு வேலை செஞ்சு அப்புறம் சுத்தமா நின்னுடுச்சு, சிக்னல் கோளாறுதான் காரணம்னு ஊர்க்காரங்க சொல்றாங்கன்னு போட்டிருந்தீங்க. அந்த கடைசி வரிக்குத்தான் இந்த லெட்டர். பசங்கள குறை சொல்ல எழுதல, நல்ல வேலை பண்ணிருக்காங்க. ஆனா வெயில்ல ஓடி மழையில நிக்குதுன்னா மொதல்ல சந்தேகப்பட வேண்டியது டவர இல்ல, பெட்டிக்குள்ள இருக்குற பேட்டரிய.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல பவர் பிளான்ட் பக்கம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். மஞ்சக்குப்பத்துல வீட்டு முன் ரூம்ல ஒரு மேசை, சால்டரிங் அயன், வோல்டேஜ் ஏறி எறங்குறத படமா காட்டுற பழைய ஆசிலோஸ்கோப் ஒண்ணு, இத வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். முன்னெல்லாம் எமர்ஜென்சி லைட்டு, இன்வெர்ட்டர் போர்டு வரும், இப்ப பாதிக்கு மேல இஎஸ்பி32, இஎஸ்பி8266ன்னு வைஃபை வச்ச சின்ன கம்ப்யூட்டர் சிப்பு, ரேடியோவுல ரொம்ப தூரம் டேட்டா அனுப்புற லோரா மாட்யூல்னு வருது. கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கத்து இறால் பண்ணைக்காரங்க வராங்க, பண்ருட்டியில போர் மோட்டார போன்லயே போட்டு நிறுத்துறவங்க வராங்க, புதுச்சேரியிலேர்ந்து பஸ் ஏறி ப்ராஜெக்ட் பசங்க வராங்க, எல்லாரும் சொல்ற மொத வார்த்தை ஒண்ணுதான், "சார் சிக்னல் நிக்க மாட்டேங்குது". அந்த வார்த்தைய இப்ப நான் காதுலயே வாங்குறது இல்ல, நேரா பேட்டரி பெட்டிய தொறக்குறேன்.

ஏன் எல்லாருக்கும் அது சிக்னல் கோளாறா தெரியுதுன்னா, இந்த சிப்பு சும்மா கணக்கு போட்டுக்கிட்டு இருக்கும்போது சில பத்து மில்லி ஆம்ப்தான் இழுக்கும், எந்த சொத்த பேட்டரியும் அதக் குடுத்துடும். வைஃபைய ஆன் பண்ணி டேட்டாவ வெளிய தள்ளுற அந்த சில மில்லி செகண்டுல இஎஸ்பி32 ஒரேயடியா 240 மில்லி ஆம்ப் வரைக்கும் போகும், தயாரிப்பாளரே சப்ளை 500 மில்லி ஆம்ப் தாங்கணும்னுதான் எழுதி வச்சிருக்காரு. அந்த இழுப்பு வர்ற நேரத்துல பேட்டரிக்குள்ள இருக்குற ரெசிஸ்டன்ஸ், ஒயரு, ஸ்பிரிங்கு எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா வோல்டேஜ் தங்கிடுது, சிப்போட கால்ல பாத்தா 3.3 இருக்க வேண்டிய எடத்துல 2.4 கிட்ட வந்து நிக்குது, உடனே வோல்டேஜ் கொறையுதான்னு உள்ள காவல் இருக்குற பிரவுன்அவுட் டிடெக்டர் ரீசெட் அடிச்சிடுது, திரும்ப பூட் ஆகி திரும்ப ரேடியோவ ஆன் பண்ணி திரும்ப விழுது. வெளியேர்ந்து பாக்குற நமக்கு என்ன தெரியும், வைஃபை கனெக்ட் ஆகுற மாதிரி வந்து விட்டுப்போகுது, அவ்ளோதான் தெரியும். பேசும்போதுதான் மயக்கம் போட்டு விழுது, அதனால பேச்சு வரலன்னு நெனச்சிக்கிறோம். ஆன்டெனாவ மாத்துறாங்க, ரூட்டர மாடியில ஏத்துறாங்க, சிம்ம மாத்துறாங்க, ஒண்ணும் ஆகாது.

பையன் மல்ட்டிமீட்டர வச்சி காட்டுவான், "பாருங்க சார் 3.9 வோல்ட் இருக்கு, பேட்டரி ஃபுல்லு". அது சும்மா இருக்கும்போது இருக்குற 3.9. மல்ட்டிமீட்டர் ஒரு செகண்டுக்கு ரெண்டு மூணு தடவதான் எண்ண மாத்தும், நடுவுல சில மில்லி செகண்டு மட்டும் விழுந்து எழுந்தா அதோட கண்ணுக்கே தெரியாது. எக்ஸ்சேஞ்சுல எங்களுக்கு 48 வோல்ட், ரெண்டு வோல்ட் லெட் ஆசிட் செல்லு 24 வரிசையா நிக்கும், ஃப்ளோட்டுல, அதாவது சார்ஜர்ல மாட்டுனபடியே இருக்கும்போது ஒவ்வொண்ணும் அழகா வோல்டேஜ் காட்டும், அத யாரும் நம்ப மாட்டோம், லோட குடுத்து டிஸ்சார்ஜ் டெஸ்ட் பண்ணி ஒவ்வொரு செல்லா எழுதி எது மொதல்ல படுக்குதுன்னு பாத்துதான் புக்குல கையெழுத்து போடுவோம். அவ்ளோ பெரிய செல்லுக்கு என்ன நியாயமோ அதேதான் இந்த விரல் அளவு 18650 லித்தியம் செல்லுக்கும். வேல வாங்கும்போது எவ்ளோ இருக்கு, அதான் கேள்வி.

அத வீட்லயே பாக்கலாம், பெரிய செலவு இல்ல. கடையில 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு வாங்கிக்குங்க, செல்லுக்கு குறுக்க சில செகண்டு மட்டும் வச்சிட்டு மீட்டர பாருங்க. சும்மா 3.9 காட்டுன செல்லு ரெசிஸ்டர் வச்சதும் 3.4க்கு எறங்குதுன்னா 0.34 ஆம்ப்புக்கு அரை வோல்ட் போச்சு, உள்ள ஒன்றரை ஓம் உக்காந்திருக்குன்னு அர்த்தம், அந்த செல்லுல டார்ச் எரியலாம், வைஃபை ஓடாது. நல்ல செல்லுன்னா 0.1 ஓமுக்கும் கீழதான் இருக்கும், மீட்டர் லேசா அசைஞ்சிட்டு நிக்கும். ரெசிஸ்டர் சூடாகும், கையில புடிச்சிக்கிட்டே நிக்காதீங்க.

அடுத்தது ரெகுலேட்டர், அதான் வர்ற வோல்டேஜ சிப்புக்கு வேண்டிய அளவுக்கு எறக்கி நிறுத்துறது. இதுலதான் ப்ராஜெக்ட் பசங்க கூட்டம் கூட்டமா மாட்டுறாங்க. சிப்பு, யூஎஸ்பி எல்லாம் சேத்து ரெடியா விக்கிற டெவலப்மென்ட் போர்டு நிறையவற்றுல ஏஎம்எஸ்1117ன்னு ஒரு ரெகுலேட்டர் இருக்கும், யூஎஸ்பி 5 வோல்ட்ட 3.3 ஆக்குறதுக்கு அது போதும், தப்பு சொல்ல முடியாது. ஆனா அது வேலை செய்ய உள்ள வர்றதுக்கும் வெளிய போறதுக்கும் நடுவுல 1.1 வோல்ட் கிட்ட வித்தியாசம் வேணும். லித்தியம் செல்ல அந்த 5 வோல்ட் பின்னுல குடுத்தா என்ன ஆகும்னு கணக்கு போடுங்க, முழுசா சார்ஜ் ஏறுன 4.2க்கு 3.1 வரும், ஏதோ ஓடும், அன்னைக்கு சாயங்காலம் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுடுவாங்க, செல்லு 3.8க்கு வந்ததும் போர்டுக்கு 2.7தான் போகுது, அங்க செத்துடுது. செல்லுல பாதிக்கு மேல சார்ஜ் அப்படியே இருக்கு. "நேத்து ஓடிச்சு சார், இன்னைக்கு ஓடல, கோடுல தான் ஏதோ பக்கு"ன்னு ராத்திரி பூரா அந்த புரோகிராம் கோட மாத்தி மாத்தி ஏத்திக்கிட்டு இருப்பான் பாவம். வாத்தியாரும் சேர்ந்து கோடத்தான் பாப்பாரு.

இதுல இன்னொரு வேடிக்கை, இஎஸ்பி8266 சிப்பு 2.5 வோல்ட் வரைக்கும் ஓடும்னு தயாரிப்பாளர் குடுக்குற டேட்டாஷீட்டுல இருக்கு, அத படிச்சிட்டு வந்து என்கிட்ட சண்ட போடுறவங்க உண்டு. சிப்பு ஓடும் தம்பி, பக்கத்துலயே புரோகிராம வச்சிருக்குற ஃபிளாஷ் மெமரி ஒண்ணு இருக்கே, அதுல பெரும்பாலானதுக்கு 2.7 வோல்ட் வேணும். அது சரியா படிச்சி குடுக்கலன்னா சிப்பு குப்பைய படிச்சிட்டு எங்கயாவது போய் தொங்கும். இதுக்கு மேல மோசம் என்னன்னா அந்த நேரத்துல ஃபிளாஷுல ஏதாவது எழுதிக்கிட்டு இருந்துச்சுன்னா எழுத்து கெட்டுப்போயிடும், வைஃபை பாஸ்வேர்டு, கேலிப்ரேஷன் எண்ணு எல்லாம் காணாமப் போகும், அப்புறம் புது பேட்டரி போட்டாலும் சரியாகாது, "போர்டு எரிஞ்சிடுச்சு"ன்னு முடிவு கட்டி குப்பையில போட்டுடுவாங்க. எரியல, திரும்ப புரோகிராம் ஏத்துனா எழுந்து உக்காரும். என் மேசைக்கு செத்துப்போச்சுன்னு வந்த போர்டுங்கள்ல நிறைய இந்த வகதான்.

இறால் பண்ணை கதை ஒண்ணு சொல்லணும். குட்டையில தண்ணி சூடு பாக்க டிஎஸ்18பி20ன்னு ஒரு சென்சார் போடுவாங்க, எவர்சில்வர் குழாய்க்குள்ள இருக்கும். கிள்ளை பக்கத்துலேர்ந்து ஒருத்தர் ராத்திரி போன் பண்றாரு, குட்டையில 85 டிகிரின்னு அலாரம் அடிக்குது, என்னங்க பண்றதுன்னு. 85 டிகிரின்னா குட்டைக்குள்ள இந்நேரம் இறால் வெந்து குழம்புக்கு ரெடியா இருக்கணும்னு சொன்னேன், அவரும் சிரிச்சாரு, ஆனா பயம் போகல பாவம், லட்சக்கணக்குல போட்ட முதலு. அந்த சென்சாருக்கு கரண்ட் வந்து எழுந்ததும் வச்சிருக்குற மொத எண்ணு 85. அளந்து முடிக்கிறதுக்குள்ள கரண்ட் போய் வந்தா அளக்காமலே அந்த 85அ தூக்கிக் குடுத்துடும். அதுக்கு 3 வோல்டாவது வேணும், ரேடியோ இழுக்கும்போது அது கிடைக்கல. மைனஸ் 127ன்னு வந்தா மட்டும் வேற, அது சென்சாரே கிடைக்கலன்னு புரோகிராம் குடுக்குற எண்ணு, அப்ப ஒயரப் பாக்கணும். இந்த ரெண்டு எண்ணையும் பண்ணைக்காரங்க மனப்பாடமா வச்சிக்கிட்டா ராத்திரி தூக்கம் மிஞ்சும்.

அவரோட பெட்டிய தொறந்து பாத்தப்ப செல்லு நல்ல செல்லு, ரெகுலேட்டரும் நல்லதுதான் போட்டிருந்தாங்க, ஹோல்டர் ஸ்பிரிங்குதான் பச்சையும் துருவுமா இருந்துச்சு. நம்ம கடலோரத்துல இது ஒரு தனி வியாதி. தேவனாம்பட்டினத்துலயோ ஓ.டி.ன்னு சொல்ற கடலூர் ஓல்டு டவுன் பக்கமோ ஜன்னல் கம்பிய பாத்தாலே தெரியும் உப்புக்காத்து என்ன பண்ணும்னு, இந்த சின்ன ஸ்பிரிங்கு எம்மாத்திரம். துரு ஒரு ஓம் ரெசிஸ்டன்ஸ் சேத்தா போதும், 300 மில்லி ஆம்ப்புக்கு 0.3 வோல்ட் அங்கயே காலி. மீட்டர செல்லு மேல வச்சி பாத்தா இது தெரியவே தெரியாது, ஆசிலோஸ்கோப் முனைய சிப்போட 3.3 காலுலயும் கிரவுண்டுலயும் வச்சி பாக்கணும். கடலோரத்துல வைக்கிற பெட்டிக்கு ஸ்பிரிங் ஹோல்டரே வேணாம்னு நான் சொல்லுவேன், டேக் வெல்டு பண்ண, அதாவது ரெண்டு முனையிலயும் தகடு ஒட்டி வர்ற செல்லு வாங்கி ஒயர சால்டர் பண்ணிடுங்க, செல்லு மேல நேரா சால்டரிங் அயன வைக்காதீங்க, அது ஆபத்து. அதே மாதிரி சால்டர் பண்ணாம குத்தி வைக்கிற ப்ரெட்போர்டு ஜம்பர் ஒயரோடயே ஏரிக்கரையில கொண்டு போய் வைக்கிறது, அத என்னன்னு சொல்ல.

செல்லுலயே ஏமாத்து வேற இருக்கு. மேல கொள்ளளவு 9900 எம்ஏஎச், அதாவது மில்லி ஆம்ப் அவர்னு பளபளன்னு அச்சடிச்சி விக்கிறாங்க, 18650 சைசுல நல்ல செல்லே 3500 சுமாருக்குத்தான் வரும், பாக்கி எங்கேர்ந்து வரும்? கையில எடுத்தாலே எடை கம்மியா இருக்கும். பழைய லேப்டாப் பேட்டரிய பிரிச்சி எடுத்த செல்ல புதுசா சுத்தி விக்கிறதும் நடக்குது, அதுல கொள்ளளவு கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் உள் ரெசிஸ்டன்ஸ் ஏறிப்போயிருக்கும், நமக்கு பிரச்சனை அதானே. 9 வோல்ட் ரேடியோ பேட்டரி போடுற பசங்களுக்கும் ஒரு வார்த்தை, வோல்ட் அதிகமா இருக்குறதால பலம் அதிகம்னு இல்ல, அது உள்ள ரொம்ப மெலிஞ்ச பேட்டரி, இழுத்தா படுத்துடும், அதுலயும் அந்த சாதா ரெகுலேட்டர் போட்டா பாதிக்கு மேல சூடாத்தான் போகும். பட்டன் செல்லு சிஆர்2032 வச்சி வைஃபை ஓட்ட நெனைக்கிறத பத்தி பேச வேண்டியதே இல்ல, ப்ளூடூத் பீக்கனுக்கு சரி, அதோட நிறுத்திக்கணும். பென்சில் செல்லு ரெண்டு வரிசையா போட்டு 3 வோல்ட் ஆச்சேன்னு இஎஸ்பி32 மாட்யூல ஓட்டுறாங்க, அந்த மாட்யூலுக்கு குறைஞ்சபட்சமே 3 வோல்ட்தான், அப்ப புது செல்லு போட்ட கொஞ்ச நாள்லயே எல்லைக்கு கீழ போயிடுச்சு.

பேட்டரி சீக்கிரம் தீந்துபோறதுக்கு எல்லாரும் வைஃபையத்தான் திட்டுறாங்க, கணக்கு போட்டா அப்படி இல்லைங்க. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவ டேட்டா அனுப்புனா ஒரு நாளைக்கு 96 தடவ, ஒவ்வொரு தடவையும் 5 செகண்டு சராசரி 100 மில்லி ஆம்ப்னு வச்சா நாளைக்கு 13 எம்ஏஎச் சொச்சம்தான் ஆகுது. ஆனா தூங்குதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்குற போர்டுல சிவப்பு பவர் லைட்டு எரியுது, யூஎஸ்பி சிப்பு முழிச்சிருக்கு, அந்த ஏஎம்எஸ்1117 மட்டுமே சும்மா நிக்க 5 மில்லி ஆம்ப் எடுத்துக்கும், எல்லாம் சேத்து 10 மில்லி ஆம்ப்னா நாளைக்கு 240 எம்ஏஎச், 2000 எம்ஏஎச் செல்லு எட்டு நாள்ல முடிஞ்சிடும். சிப்பு மட்டும் டீப் ஸ்லீப்புல போனா 10, 20 மைக்ரோ ஆம்ப்தான். அதனால பரிட்சை காட்டுறதுக்கு டெவலப்மென்ட் போர்டு, ஏரிக்கரைக்கு வெறும் மாட்யூலும் நல்ல ரெகுலேட்டரும், இப்படி பிரிச்சி பழகணும். எச்டி7333, எம்சிபி1700ங்கிற ரெகுலேட்டர் எல்லாம் சும்மா இருக்கும்போது சில மைக்ரோ ஆம்ப்தான் எடுக்கும், வித்தியாசமும் கொஞ்சமா இருந்தா போதும், ஆனா 250 மில்லி ஆம்ப்தான் தாங்கும், இஎஸ்பி32க்கு அது இழுத்துப் புடிச்ச கணக்கு, லோராவுக்கு தாராளம். வைஃபைக்கு ஏபி2112, எச்டி7833 மாதிரி 500ஆவது தாங்குறதா பாத்து போடுங்க.

எனக்கு புடிச்சது எல்எஃப்பி செல்லு, அதான் லித்தியம் அயர்ன் (இரும்பு) ஃபாஸ்பேட், 3.2 வோல்ட். ரெகுலேட்டரே இல்லாம நேரா சிப்புக்கு குடுக்கலாம், கடைசி வரைக்கும் வோல்டேஜ் பெருசா எறங்காம ஒரே மட்டத்துல நிக்கும், நம்ம ஊர் மொட்டமாடி சூட்டையும் மத்த லித்தியத்த விட நல்லா தாங்கும். ஒண்ணே ஒண்ணு, இதுக்கு டிபி4056 சார்ஜர போட்டுடாதீங்க, அது 4.2க்கு ஏத்திடும், இதுக்கு 3.6தான் எல்லை, அதுக்குன்னு டிபி5000 மாதிரி வேற சார்ஜர் இருக்கு. டிபி4056 பத்தி பேசும்போதே இன்னொண்ணு, அந்த நீல போர்டுல பாதுகாப்பு சர்க்யூட் இருக்கு, பேட்டரி எறங்குனா அதுவே கட் பண்ணிடும்னு கடையில சொல்லி அனுப்புறாங்க. கட் பண்ணும், 2.4 வோல்ட்டு கிட்ட வந்தப்புறம். அதுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம சிப்பு விழுந்து எழுந்து விழுந்து எழுந்து அந்த செல்ல ஒறிஞ்சிக்கிட்டு இருக்கும். அந்த சர்க்யூட்டு செல்லோட உசுர காப்பாத்த போட்டது, நம்ம டேட்டாவ காப்பாத்த இல்ல.

சரி கண்டுபிடிக்கிறது எப்படின்னு கேப்பாங்க. லேப்டாப்புல, சிப்பு அனுப்புற எழுத்த காட்டுற சீரியல் மானிட்டர தொறந்தா இஎஸ்பி32 தானே வாய விட்டு சொல்லும், "பிரவுன்அவுட் டிடெக்டர் வாஸ் ட்ரிக்கர்ட்"னு வரி வரியா வரும், ஸ்பீட 115200ல வைக்கணும். இஎஸ்பி8266 அப்படி சொல்லாது, பூட் ஆகும்போது 74880ல ஏதோ பேசும், அந்த ஸ்பீடு வைக்கலன்னா கொத்து பரோட்டா மாதிரி எழுத்து வரும். ஆனா ஜாக்கிரதை, லேப்டாப்ப யூஎஸ்பியில மாட்டுன உடனே போர்டுக்கு 5 வோல்ட் போயிடும், வியாதி மறைஞ்சிடும், "உங்ககிட்ட வந்தா மட்டும் ஓடுது சார்"னு சொல்றது இதனாலதான். யூஎஸ்பி டு சீரியல் ஒயர்ல கிரவுண்டும் போர்டுலேர்ந்து எழுத்த வெளிய அனுப்புற டிஎக்ஸ் ஒயரும் மட்டும் மாட்டிட்டு பவர பேட்டரியிலேர்ந்தே குடுத்து பாக்கணும். ஏரிக்கரையில லேப்டாப் வச்சிக்கிட்டு உக்கார முடியாதுன்னா எழுந்திருக்கும்போது எதுக்காக ரீசெட் ஆனோம்னு சிப்புக்கிட்டயே கேக்குற ஃபங்ஷன் இஎஸ்பி32ல இருக்கு, அந்த காரணத்த மொத டேட்டாவோட சேத்து அனுப்பிட சொல்லுங்க. இன்னொரு சுருக்கு வழி, கோடுல வைஃபை டிரான்ஸ்மிட் பவர 19.5லேர்ந்து 8.5 டிபிஎம்முக்கு (ரேடியோ பலத்தோட அளவு அது) குறைச்சி பாருங்க. நெசமாவே சிக்னல் கோளாறா இருந்தா இன்னும் மோசமாகணும், நல்லா ஆச்சுன்னா பிரச்சனை பேட்டரியிலதான். சிக்னல்னு வாதாடுறவங்க வாய அடைக்க இத விட்டா வேற நல்ல சோதனை இல்ல.

பசங்க நெட்டுல தேடி ஒரு வரி கண்டுபிடிச்சி வச்சிருக்காங்க, அந்த பிரவுன்அவுட் டிடெக்டரையே ஆஃப் பண்ணிடுறது. மெசேஜும் வராது, ரீசெட்டும் ஆகாது, சந்தோஷம். வீட்ல ஃபியூஸ் அடிக்கடி போகுதேன்னு கட்டு கட்டா செம்புக் கம்பிய சுத்தி வைக்கிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? வோல்டேஜ் அதேதான் விழுது, சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல, அப்புறம் ஃபிளாஷ் கெடும், தப்பு எண்ணு வரும், பண்ருட்டியில ஒருத்தர் வீட்ல ஆன மாதிரி ரிலே டக்கு டக்குன்னு தானா அடிச்சி போர் மோட்டார் ஸ்டார்ட்டர் ஏறி எறங்கும். ஒரு நாள் டெஸ்ட்டுக்கு ஆஃப் பண்றது வேற, அப்படியே சீல் பண்ணி ஊர்ல வைக்கிறது வேற.

கரண்ட கொஞ்சமா சேத்து வச்சி சட்டுன்னு குடுக்குற கெப்பாசிட்டர் போட்டா சரியாகுமான்னு எல்லாரும் கேக்குறாங்க. போடணும், மாட்யூலோட காலுக்கு பக்கத்துலயே 470 அல்லது 1000 மைக்ரோ ஃபாரட் ஒண்ணு, கூட 0.1 மைக்ரோ ஃபாரட் ஒண்ணு. ஆனா அது எவ்ளோ தாங்கும்னு தெரிஞ்சிக்கிட்டு போடுங்க, 1000 மைக்ரோ ஃபாரட்லேர்ந்து 300 மில்லி ஆம்ப் ஒரு மில்லி செகண்டு இழுத்தா 0.3 வோல்ட் எறங்கும், மூணு மில்லி செகண்டு இழுத்தா 0.9. வைஃபை கனெக்ட் ஆகவே சில செகண்டு ஆகுது. சின்ன சின்ன குத்தலுக்கு கெப்பாசிட்டர் உதவும், சொத்த செல்லுக்கு உதவாது. என்ஆர்எஃப்24ன்னு ஒரு சின்ன ரேடியோ மாட்யூல் இருக்கு, அதுக்கு மட்டும் 10 மைக்ரோ ஃபாரட் போட்டாலே பாதி பிரச்சனை தீந்துடும், அது இழுக்குறதே 11, 13 மில்லி ஆம்ப்தான், ஆன்டெனா திருகுற பெரிய வகையா இருந்தா நூறுக்கு மேல போகும், அது வேற கதை.

இப்ப அந்த ஏரிக்கரைக்கு வரேன். நம்ம பக்கம் மழை ஐப்பசி கார்த்திகையில, வடகிழக்கு பருவமழை. நாலு நாள் அஞ்சு நாள் சூரியனே தெரியாது, சோலார் பேனல்லேர்ந்து பேருக்குத்தான் சார்ஜ் வரும். ஏரி தளும்புறதும் அப்பதான், பேட்டரி காயுறதும் அப்பதான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரை ஏறுனப்ப ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, அதுக்கு அடுத்த ரெண்டு நாள்ல தென்பெண்ணையில வெள்ளம் வந்து கடலூர் ஓரத்து ஊரெல்லாம் தண்ணிக்குள்ள நின்னுச்சு. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்கு அப்புறம் எத்தன நாள் கரண்ட் இல்லாம இருந்தோம்னு என் வயசுக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். தண்ணி மட்டம் சொல்ற பெட்டின்னா அந்த மாதிரி நாளுக்குத்தான் வைக்கிறது, மே மாசத்துல படம் புடிச்சி காட்டுறதுக்கு இல்ல. வெயில் நாள் கணக்கு போட்டு பேட்டரி போட்டா வேண்டிய அன்னைக்கு ஊமையாத்தான் நிக்கும், ஊரும் சிக்னல்னுதான் சொல்லும்.

அதுக்கு வழி இருக்கு, அதுவும் கோடுல சில வரிதான். எழுந்ததும் ரேடியோவ தொடுறதுக்கு முன்னாடி பேட்டரிய அளக்கணும், ரெண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டா போதும், அது எடுத்துக்கிறது 21 மைக்ரோ ஆம்ப்தான். இஎஸ்பி32ல அத 32லேர்ந்து 39 வரைக்கும் இருக்குற பின்னுல குடுங்க, வோல்டேஜ எண்ணா மாத்துற ஏடிசியில ரெண்டாவது வரிசை பின்னுங்க வைஃபை ஓடும்போது வேலை செய்யாது. ரேடியோ ஓடும்போது இன்னொரு தடவ அளந்து ரெண்டு எண்ணையும் தண்ணி மட்டத்தோட சேத்து அனுப்பணும். ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் வாரா வாரம் ஏறிக்கிட்டே போச்சுன்னா செல்லு கெடுதுன்னோ ஸ்பிரிங்கு துருப்புடிக்குதுன்னோ மழைக்கு ஒரு மாசம் முன்னாடியே தெரிஞ்சிடும். வோல்டேஜ் எறங்குனா கால் மணிக்கு ஒண்ணுங்கிறத மூணு மணி நேரத்துக்கு ஒண்ணா குறைச்சிக்கணும், ரொம்ப எறங்குனா "பேட்டரி போகுது"ன்னு கடைசியா ஒரு மெசேஜ் அனுப்பிட்டு தூங்கிடணும். சொல்லாம சாகுற கருவிய விட சொல்லிட்டு தூங்குற கருவி மேல், ஊர்ல யாராவது போய் செல்ல மாத்துவாங்க இல்ல.

ஆசிரியர் ஐயா, உங்ககிட்ட கேக்குறது ரெண்டு. இந்த மாதிரி கருவி நின்னுபோச்சுன்னு செய்தி வரும்போது உங்க நிருபர் தம்பி வச்சவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கட்டும், நிக்கிறதுக்கு முன்னாடி கடைசியா பேட்டரி எவ்ளோ காட்டுச்சுன்னு. பதில் இருந்தா நல்ல கருவி, அளக்கவே இல்லன்னு சொன்னா அதையே செய்தியா போடுங்க. இன்னொண்ணு, பஞ்சாயத்து, பண்ணை சங்கம், காலேஜ் யாரா இருந்தாலும் இத காசு குடுத்து வாங்கும்போது மழை மேகத்துல அஞ்சு நாள் சார்ஜ் இல்லாம ஓடுமா, வோல்டேஜையும் சேத்து அனுப்புமான்னு எழுதி வாங்கிக்கணும்னு உங்க விவசாயப் பக்கத்துலயாவது ஒரு கட்டம் போடுங்க. விக்கிறவங்க கேமரா, ஆப்பு, கலர் கிராஃப்னு எல்லாம் காட்டுவாங்க, இத மட்டும் கேட்டா போன எடுத்துக்கிட்டு வெளிய போவாங்க.

அப்புறம் என் மேசைக்கு கொண்டு வர்றவங்களுக்கு, போர்ட மட்டும் கழட்டி கவர்ல போட்டு கொண்டு வராதீங்க. என் சப்ளையில மாட்டுனா அது ஜம்முனு ஓடும், நான் என்னத்த பாக்குறது. பேட்டரி, ஹோல்டர், ஒயரு, சார்ஜர் எல்லாத்தையும் இருந்தது இருந்தபடியே பெட்டியோட கொண்டு வாங்க, துரு இருந்தா தொடைக்காதீங்க.

இப்படிக்கு,
டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரிட்டயர்டு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.